படம் கையைவிட்டுப் போகுமுன்: சொந்தப் புகைப்படங்களைத் திருட்டிலிருந்து காக்க முழு வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் மஞ்சள் நீராட்டு விழா என்று வைத்துக்கொள்ளுங்கள். விழாவுக்கு முன்பே பேனர் கடைக்குப் பெண்ணின் படம் வாட்ஸ்அப்பில் போய்விடும். ஸ்டூடியோக்காரரின் ஹார்ட் டிஸ்கில் நூற்றுக்கணக்கில் படங்கள் சேரும். மண்டபத்தில் சித்தப்பா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று ஆளுக்கொரு போனில் எடுத்திருப்பார்கள். அன்று ராத்திரியே சொந்தக்காரர்கள் குரூப்பிலும் ஸ்டேட்டஸிலும் ஏறும். அடுத்த வாரம் பாட்டு சேர்த்து ஸ்டூடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ரீல் வரும்.

இவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் படம் திருடுகிறவன் கை வைப்பது இப்படி நாமே திறந்துவைத்த பிரதிகளில்தான். பூட்டிய போனை உடைத்துத் திறக்கும் சிரமம் அவனுக்குத் தேவைப்படுவதில்லை. டிபியும் ஸ்டேட்டஸும் பூட்டாத ஃபேஸ்புக் பக்கமும் போதும். போலிக் கணக்கு, முகத்தை வெட்டி ஒட்டிய ஆபாசப் படம், பணம் கேட்டு மிரட்டல் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. போன படத்தைத் திரும்ப வாங்க வழியில்லை என்பதால், வேலையில் முக்கால்வாசி அனுப்புவதற்கு முன்பே முடிய வேண்டும்.

முதலில், வெளியே என்ன கிடக்கிறது என்று பாருங்கள்

போன் பிரவுசரில் இன்காக்னிட்டோ பக்கத்தைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் உங்கள் பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேடுங்கள். உங்கள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களையும் அப்படியே திறந்துபாருங்கள். அப்போது தெரிவதுதான் முன்பின் தெரியாதவர் கண்ணுக்கும் தெரிவது. பிறகு உங்கள் டிபியைக் கூகுள் லென்ஸில் கொடுத்துத் தேடுங்கள். லென்ஸ் பெரும்பாலும் அதே படத்தின் வேறு பிரதிகளைத்தான் கண்டுபிடிக்கும்; அதே முகமுள்ள வேறு படத்தைத் தேடித் தரும் என்று நம்ப வேண்டாம். ஒன்றும் வரவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்றும் ஆகாது. பூட்டிய கணக்குகளுக்குள்ளும் வாட்ஸ்அப் குரூப்புகளுக்குள்ளும் எந்தத் தேடுபொறியும் நுழையாது.

வாட்ஸ்அப்: அதிகம் கசிகிற இடம்

செட்டிங்ஸ், பிரைவசி, புரொஃபைல் ஃபோட்டோ என்று போனால் எவ்ரிஒன், மை கான்டாக்ட்ஸ், மை கான்டாக்ட்ஸ் எக்செப்ட், நோபடி என்று நான்கு வழிகள் இருக்கும். பலரும் மை கான்டாக்ட்ஸ் வைத்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். உங்கள் கான்டாக்ட்ஸில் யார் யார் என்று ஒருமுறை மேலிருந்து கீழே தள்ளிப் பாருங்கள். கேஸ் சிலிண்டர் போடுபவர், வீட்டு புரோக்கர், ஏசி மெக்கானிக், எப்போதோ ஏறிய ஆட்டோவின் ஓட்டுநர் எல்லோரும் அதில்தான் இருப்பார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் உங்கள் டிபி தெரியும். வேண்டாத எண்களை அழித்துவிடுங்கள். அழிக்க முடியாதவற்றை எக்செப்ட் பட்டியலில் போடுங்கள். வயசுப் பிள்ளைகளின் போனில் டிபியாகப் பூவோ கோயில் கோபுரமோ இருந்தாலே பாதிக் கவலை தீரும்.

டிபியை ஸ்க்ரீன்ஷாட் எடுக்க இப்போது வாட்ஸ்அப் விடுவதில்லை. நல்லதுதான், ஆனால் இன்னொரு போனால் திரையைப் படம் பிடிப்பவரை அது தடுக்காது. ஒருமுறை மட்டும் பார்க்கும் வசதிக்கும் இதே குறைதான். அனுப்பும்போது பக்கத்தில் உள்ள 1 என்ற குறியைத் தொட்டால் படம் ஒருதரம் திறந்ததும் மறைந்துவிடும், ஸ்க்ரீன்ஷாட்டும் விழாது. ஆனாலும் வெளியே போனால் தாங்க முடியாத படத்தை இந்த வசதியை நம்பி அனுப்பக் கூடாது.

ஸ்டேட்டஸுக்கு ஸ்க்ரீன்ஷாட் தடை எதுவும் இல்லை. 24 மணி நேரத்தில் மறையும் என்பது உங்கள் பக்கத்தில் மட்டும்தான். பார்த்தவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் உங்களுக்குத் தகவல் வராது. ஸ்டேட்டஸ் பிரைவசியில் ஒன்லி ஷேர் வித் என்பதைத் தேர்ந்து, குடும்பத்தில் பத்துப் பதினைந்து பேரை மட்டும் குறித்துவிட்டால், அடுத்தடுத்துப் போடும் ஸ்டேட்டஸும் அவர்களோடு நிற்கும். குரூப்ஸ் என்ற பகுதியில், உங்களைக் குரூப்பில் சேர்க்கும் உரிமையையும் மை கான்டாக்ட்ஸ் என்று மாற்றுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். படத்தை ஃபோட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, உள்ளே பதிந்திருக்கும் இடத் தகவலையும் நீக்கிவிடுகிறது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் அசல் கோப்பு, எடுத்த இடம், நேரம், போன் மாடல் உட்பட அப்படியே போகும். "கிளியரா வரணும், டாக்குமென்ட்டா போடுங்க" என்று யார் கேட்டாலும் இதை யோசித்துவிட்டு அனுப்புங்கள்.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்

இன்ஸ்டாகிராமில் செட்டிங்ஸுக்குள் அக்கவுன்ட் பிரைவசி சென்று பிரைவேட் ஆக்குவது முதல் வேலை. ஆக்கிய பிறகும் புரொஃபைல் படம் எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே ஃபாலோ செய்பவர்களும் உள்ளேயே இருப்பார்கள். ஃபாலோயர்ஸ் பட்டியலில் முகம் தெரியாதவர்களை ரிமூவ் கொடுத்து நீக்குங்கள். நீக்கியதாக அவர்களுக்கு அறிவிப்பு போகாது. டேக்ஸ் அண்ட் மென்ஷன்ஸ் பகுதியில் டேக் செய்வதை நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் உங்கள் பக்கத்தில் வரும் என்று மாற்றுங்கள். உங்கள் கணக்கு பூட்டியிருந்தும், பூட்டாத நண்பரின் பதிவில் நீங்கள் நிற்கும் படம் இருந்தால் அது ஊருக்கே தெரியும். அந்த நண்பரிடம் கேட்டு நீக்கச் சொல்வதுதான் எளிய வழி.

வீட்டிலிருந்து ஆரி வேலையோ பிரைடல் மேக்கப்போ செய்பவர்களுக்குச் சிக்கல் வேறு. தொழில் கணக்கைப் பிரைவேட் ஆக்க இன்ஸ்டாகிராமில் வழியில்லை. எனவே கணக்கை இரண்டாகப் பிரியுங்கள்: தொழில் படங்கள் ஒன்றில், வீட்டுப் படங்கள் பூட்டிய இன்னொன்றில். தொழில் கணக்கில் குழந்தை படம் ஒன்றுகூட வேண்டாம். அதில் ரீலைப் பிறர் டவுன்லோட் செய்யும் அனுமதியை நிறுத்துங்கள். தேடுபொறிகளில் படம் வரலாமா என்ற கேள்வியும் அக்கவுன்ட் பிரைவசியில் இருக்கும்; கூகுளில் வந்தால் வியாபாரத்துக்கு உதவும் என்று நினைப்பவர்கள் தவிர மற்றவர்கள் அதையும் அணைத்துவிடலாம். மேக்கப் செய்துகொண்ட மணப்பெண்ணின் முகத்தைப் போடுமுன் அவரிடம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகச் சம்மதம் வாங்குங்கள். முகம் வேண்டாம் என்றால் கையில் மருதாணி, பின்பக்க ஜடை அலங்காரம், பிளவுஸ் முதுகு வேலை என்று வேலையைக் காட்ட வேறு கோணங்கள் எத்தனையோ இருக்கின்றன.

ஃபேஸ்புக்கில் உங்கள் பக்கத்தின் மூன்று புள்ளிகளைத் தொட்டு லாக் புரொஃபைல் கொடுங்கள். இந்தியாவில் இந்த வசதி 2020 முதல் இருக்கிறது. நண்பர் அல்லாதவர் புரொஃபைல் படத்தையும் கவர் படத்தையும் பெரிதாக்கிப் பார்க்க முடியாது, பழைய பதிவுகளும் தெரியாது. ஆயிரம் பேர் நண்பர் பட்டியலில் இருந்தால் இந்தப் பூட்டால் என்ன பயன்? பட்டியலைக் களையெடுத்த பிறகே பூட்டுங்கள்.

படம் சொல்லிக்கொடுக்கும் தகவல்கள்

போன் கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்சிஃப் என்ற குறிப்பை எழுதிவைக்கிறது. லொக்கேஷன் இயங்கினால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அதில் இருக்கும். மேப்பில் போட்டால் உங்கள் தெருவரை காட்டும். ஆண்ட்ராய்டில் கேமரா செட்டிங்ஸில் லொக்கேஷன் டேக் என்பதை அணையுங்கள். ஐபோனில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, லொக்கேஷன் சர்வீசஸ், கேமரா, நெவர். பழைய ஐபோன் படங்களை அனுப்பும்போது ஷேர் திரையின் மேலே ஆப்ஷன்ஸைத் தொட்டு லொக்கேஷனை எடுத்துவிடலாம். எந்தப் போனிலும் பலிக்கும் எளிய வழி, படத்தைத் திரையில் திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புவது. அசலின் இடக் குறிப்பு அதில் வராது, அளவும் குறைந்துவிடும். கூகுள் ஃபோட்டோஸில் ஆல்பம் லிங்க் கொடுத்தால், ஆல்பம் ஆப்ஷன்ஸில் இடத்தைப் பகிர்வதை நிறுத்துங்கள். அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் ஆல்பம் திறக்கும் என்பதால், விருந்தினர் படங்களை எடுத்துக்கொண்ட பிறகு லிங்க்கையும் அணைத்துவிடுங்கள்.

எக்சிஃபை அழித்தாலும் பின்னணி பேசும். வார்டு, மண்டலம் எல்லாம் எழுதிய மாநகராட்சித் தெருப் பலகை, கதவு எண், வாசலில் நிற்கும் வண்டியின் நம்பர், பிள்ளையின் கழுத்தில் தொங்கும் பள்ளி அடையாள அட்டை ஆகியவை எல்லோருக்கும் தோன்றுபவை. மொட்டை மாடிப் படம் யாருக்கும் தோன்றாது. பின்னால் எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கியோ துறைமுகத்துக் கிரேனோ எந்தப் பக்கம், எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்தே, ஏரியா தெரிந்தவர் நாலைந்து தெருவுக்குள் வந்துவிடுவார். வீட்டுச் சாவியை விரல் நுனியில் ஆட்டிக்கொண்டு 'புது வீடு' படம் போடாதீர்கள். சாவியின் வெட்டு தெளிவாக விழுந்தால் அதைப் பார்த்தே நகல் வெட்ட முடியும்.

மறைப்பதிலும் தவறு நடக்கிறது. பேனாவைப் போன்ற மார்க்கரால் இரண்டு இழு இழுத்து எண்ணை மறைப்பார்கள். அந்த மை பாதி ஊடுருவக்கூடியதாக இருந்தால் பிரைட்னஸை ஏற்றியதும் எண் தெரிந்துவிடும். மொசைக், மங்கலாக்கல் இரண்டும் எண்களுக்குப் போதாது, ஊகித்து மீட்க முடியும். கெட்டியான கறுப்புக் கட்டம் போட்டு மூடுங்கள், அல்லது வெட்டி எறியுங்கள். வெட்டுவதிலும் ஒரு பாடம் உண்டு. கூகுள் பிக்சல் போன்களில் வெட்டிய ஸ்க்ரீன்ஷாட்டின் வெட்டப்பட்ட பகுதி கோப்புக்குள் ஒளிந்திருந்து, மீட்கக்கூடியதாக இருந்தது 2023-ல் தெரியவந்தது. அதைச் சரிசெய்துவிட்டார்கள், சரிசெய்வதற்கு முன் வெட்டி அனுப்பிய படங்கள் அப்படியேதான் கிடக்கின்றன. வேர்ட் கோப்பில் ஒட்டிய பிறகு வெட்டும் படத்திலும் மீதிப் பகுதி உள்ளேயே தங்கும். கேலரியிலேயே வெட்டி, தனிப் பிரதியாகச் சேமித்து, பிறகு ஒட்டுங்கள்.

அளவும் வாட்டர்மார்க்கும்

12 மெகாபிக்சல் படத்தின் நீளப் பக்கம் சுமார் 4,000 பிக்சல். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் 13 அங்குலம் வரும், சுவரில் மாட்டலாம். அதையே 1,080 பிக்சலாகக் குறைத்தால் மூன்றரை அங்குலத்துக்குத்தான் தாங்கும். போன் திரையில் பார்க்க அது தாராளம். எனவே பொதுவில் போடும் எதையும் 1,000 முதல் 1,400 பிக்சலுக்குள் நிறுத்துங்கள். அசலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், ஒருபோதும் அழிக்க வேண்டாம். படம் உங்களுடையது என்று நிரூபிக்க அதுதான் ஆதாரம். அளவைக் குறைத்தால் போலிக் கணக்குக்கும் முகத்தை ஒட்டுவதற்கும் அது தடையாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு 500 பிக்சல் முகமே போதும்.

படத்தின்மேல் மங்கலாகப் பதிக்கும் பெயரை, அதாவது வாட்டர்மார்க்கை, பெரும்பாலும் மூலையில், சின்னதாக, வெற்றுச் சுவர்மேல் போடுகிறார்கள். மூலையை வெட்டினால் போயிற்று. வெட்டாவிட்டாலும், இன்றைய போன்களில் உள்ள ஏஐ அழிப்பான் சுற்றியுள்ள நிறத்தை எடுத்து அந்த இடத்தை நிரப்பிவிடும்; வெற்றுச் சுவரும் வானமும் அதற்கு ரொம்பவும் சுலபம். ஜரிகைக் கரை, முடி, கற்கள் பதித்த வேலைப்பாடு போன்ற இடங்களில்தான் அது தடுமாறுகிறது, அழித்த இடம் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. ஆகவே எழுத்து அங்கேதான் விழ வேண்டும். ஆரி பிளவுஸ் என்றால் முதுகில் உள்ள மயில் வேலைப்பாட்டுக்குக் குறுக்கே, மயிலின் கழுத்தில் தொடங்கித் தோகையில் முடியும்படி சாய்வாக எழுதுங்கள். ஸ்னாப்சீடில் படத்தைத் திறந்து, டூல்ஸுக்குள் டெக்ஸ்ட் தொட்டு, கடைப் பெயரை அடித்து, துளி போன்ற குறியில் அடர்த்தியை 30 முதல் 40 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். 20-க்குக் கீழே போனால் அழிப்பது எளிது, 50-க்கு மேல் போனால் வாங்குகிறவருக்கு வேலைப்பாடே தெரியாது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளின் சேலைப் படங்களைத் திருடிப் போலி விற்பனைப் பக்கம் நடத்துபவர்களுக்கு, அழித்துச் சுத்தம் செய்ய நேரம் பிடிக்கும் படம் வேண்டாத படம்தான்.

வரன் படமும் ஆதாரும்

கல்யாணத் தரகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பெண்ணின் படம், நட்சத்திரம், பிறந்த தேதி, வேலை பார்க்கும் இடம், அப்பாவின் போன் நம்பர் எல்லாம் ஒரே தாளில் சுற்றுகின்றன. போலிக் கணக்கு தொடங்குபவனுக்கு இதைவிட வசதி வேறில்லை. பயோடேட்டாவைப் படமில்லாமல் அனுப்புங்கள். ஜாதகம் பொருந்தி, வரன் வீட்டார் யார் என்று தெரிந்த பிறகு படத்தை அந்தக் குடும்பத்துக்கு நேராக அனுப்புங்கள். திருமணத் தளங்களில் படத்தை நீங்கள் சம்மதித்தவர் மட்டும் பார்க்கும் அமைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொருவருக்கும் வேறு குறி போட்ட பிரதி கொடுப்பது நல்ல உத்தி. சேலை மடிப்பில் மங்கலாக 'வரன் பார்க்க மட்டும், வ1' என்று ஒருவருக்கு, 'வ2' என்று இன்னொருவருக்கு. யாருக்கு எது என்று நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். படம் எங்காவது தலைகாட்டினால் எந்தப் பிரதி கசிந்தது என்று அந்தக் குறியே காட்டிக்கொடுக்கும்.

ஆதாருக்கும் இதையே செய்யலாம். முதல் 8 எண்கள் மறைந்த மாஸ்க்டு ஆதாரை ஆதார் ஆணையமான யுஐடிஏஐயின் தளத்திலிருந்து இறக்கி, எண் முழுவதும் கட்டாயமில்லாத இடங்களில் அதைக் கொடுங்கள். நகலின் குறுக்கே காரணத்தையும் தேதியையும் எழுதுங்கள். ஜெராக்ஸ் கடை எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் மாதக் கணக்கில் கிடக்கும். பிரிண்ட் கையில் வந்ததும், கடைக்காரர் எதிரிலேயே நின்று, "அண்ணா, இதை டெலிட் பண்ணி ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடுங்க" என்று கேளுங்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை. கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்அப்பை க்யூஆர் ஸ்கேன் செய்து திறந்திருந்தால், கிளம்புமுன் போனில் லிங்க்டு டிவைசஸ் போய் லாக் அவுட் செய்யுங்கள். செய்யாவிட்டால் வீட்டுக்கு வந்த பிறகும் உங்கள் உரையாடல்கள் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்டூடியோ, பேனர் கடை

அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்: எங்களைக் கேட்காமல் படம், ரீல் எதுவும் உங்கள் பக்கத்தில் போடக் கூடாது. பில்லிலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். 1957-ஆம் ஆண்டு காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17-வது பிரிவு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனை அந்த 'வேறு ஒப்பந்தம்' ஆகிவிடலாம், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பேனர் கடைக்கு ஒரே ஒரு படம் போதும். பெண் குழந்தையின் படத்தோடு முழுப்பெயர், பள்ளி, வகுப்பு போட்டு முச்சந்தியில் கட்டுவதைத் தவிருங்கள். விழா முடிந்த ராத்திரியே பேனரை இறக்குங்கள்.

ஆப்கள்

கேலரி அனுமதி கேட்கும் ஆப்களுக்கு ஆண்ட்ராய்டு 14 முதல் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் கொடுக்க முடியும், ஐபோனிலும் உண்டு. எல்லாப் படங்களையும் திறந்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி கடன் ஆப்கள் உங்கள் படங்களையும் கான்டாக்ட்ஸையும் தொடவே கூடாது. கேட்கிற ஆப் மோசடி ஆப் என்றே முடிவுகட்டி அழியுங்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே என்று முடியும் (போனில் ஆப் ஏற்றும்) கோப்பு வந்தால் தொடாதீர்கள். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும்.

திருட்டு நடந்துவிட்டால்

முதல் அரை மணி நேரத்தில் செய்வதுதான் முக்கியம். பதறிப்போய் பிளாக் செய்தாலோ சாட்டை அழித்தாலோ சாட்சியும் போய்விடும். போலிக் கணக்கின் பக்கம், படம், வந்த மிரட்டல் எல்லாவற்றையும் தேதி, நேரம் தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பக்கத்தின் முழு லிங்க்கைக் காப்பி செய்துவையுங்கள், ஏனென்றால் காட்டும் பெயரை அவன் நிமிடத்தில் மாற்றிவிடுவான். பக்கத்தைத் திறந்து படம்வரை போவதை ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கும் செய்யுங்கள். பிறகுதான் பிளாக். பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த மிரட்டல் இன்னும் பெரிய தொகைக்கு வரும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து சொல்லும் நேரத்தில் "எதுக்கு அனுப்பின?" என்று கேட்காதீர்கள். குற்றம் செய்தவன் மறுமுனையில் இருக்கிறான். திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்த மிரட்டலைப் பிள்ளை தனியாகத்தான் சுமக்கும். "நான் பார்த்துக்கறேன்டா" என்று போனை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்தந்தத் தளத்தில் ரிப்போர்ட். இன்ஸ்டாகிராமில் கணக்கின் மூன்று புள்ளிகள், ரிப்போர்ட், வேறொருவராக நடிக்கிறார், அது நான்தான் என்ற வரிசை. நண்பர்களும் ரிப்போர்ட் செய்யலாம், காரணத்தைச் சரியாகத் தேர்ந்தால் போதும். வெறுமனே 'பிடிக்கவில்லை' என்று நூறு பேர் அழுத்துவதால் வேலை நடக்காது. அந்தரங்கப் படம் என்றால், 18 வயது நிறைந்தவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ தளமும், 18-க்குள் எடுத்த படங்களுக்கு டேக் இட் டவுன் தளமும் உள்ளன. உங்கள் போனிலேயே படத்திலிருந்து ஒரு எண் கைரேகையை (அந்தப் படத்தை அடையாளம் காட்டும் எண் வரிசையை) உருவாக்கி, அதே படத்தைத் தடுக்க அதை மட்டும் சேர்ந்துள்ள நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள். படம் உங்கள் கையைவிட்டுப் போகாது. படம் இன்னும் ஏறவில்லை, மிரட்டல்தான் வந்திருக்கிறது என்றாலும் இதைச் செய்யலாம்.

போலீஸுக்கு 1930 என்ற எண்ணும், தேசிய சைபர் குற்றப் புகார் தளமும் இருக்கின்றன. தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றத்துக்குத் தனிப் பிரிவு உண்டு, பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பணம் போயிருந்தால் 1930-ஐ உடனே அழையுங்கள். குழந்தை என்றால் 1098. வட சென்னையில் சில பகுதிகள் சென்னை மாநகரக் காவலிலும் சில ஆவடி ஆணையரகத்திலும் வருவதால், எங்கள் எல்லை இல்லை என்ற பதில் வரலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்று கேளுங்கள். புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி, அதாவது அடையாளத் திருட்டும் ஆள்மாறாட்ட மோசடியும், அந்தரங்கப் படம் என்றால் 66இ, ஆபாசமாக்கிப் பரப்பியிருந்தால் 67, 67ஏ பிரிவுகளையும் குறிப்பிடுங்கள். ஸ்க்ரீன்ஷாட்களைப் பென் டிரைவிலும், அச்சிட்டும், இரண்டு செட்டாகக் கொண்டுபோங்கள். அந்தப் பிரிண்ட்டை எடுக்க ஜெராக்ஸ் கடை வேண்டாம், நம்பிக்கையான வீட்டு பிரிண்டர் தேடுங்கள்.

தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். நிர்வாணப் படம், ஆள்மாறாட்டம், முகம் மாற்றிய படம் ஆகியவற்றைப் பாதிக்கப்பட்டவரே புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தபோதே கெடு விதித்தன. தொழில் படத்தைத் திருடி வியாபாரம் செய்கிறார்கள் என்றால் காப்புரிமைப் புகார் படிவத்தை நிரப்பி, எக்சிஃப் குறிப்போடு உள்ள அசலை ஆதாரமாகச் சொல்லுங்கள். குறைதீர் அதிகாரி கைவிரித்தால், பதில் வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையத்திலேயே முறையிடலாம். அதற்குத் தளம் கொடுத்த புகார் எண் வேண்டும், முதல் புகார் போட்ட அன்றே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.